வெல்டிங் வாத்தியாருக்குச் சம்பளம் யார் கொடுத்தது?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் நம் குழுவில், கலிஃபோர்னியாவில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் தன் மகளின் படத்தைப் போட்டிருந்தார். பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண். கருநீல கார்டுராய் கோட்டு, அதில் பொன்னிற முத்திரை. இன்னொரு படத்தில் அதே பெண் முகக்கவசத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெல்டிங் மேசைக்கு முன்னால் நிற்கிறாள். பள்ளியில் வேளாண்மைப் பாடம் எடுத்திருக்கிறாளாம், அதோடு சேர்ந்து வெல்டிங்காம். வீட்டில் ஓர் ஆட்டுக்குட்டி வளர்க்கிறாளாம், அதற்கும் மதிப்பெண் உண்டாம்! உடனே கேள்விகள் வந்து விழுந்தன. "அரசுப் பள்ளியிலா? கட்டணம் கிடையாதா? அந்த மெஷினுக்கும் வாத்தியாருக்கும் யார் டீச்சர் பணம் கொடுக்கிறார்கள்? நம்ம ஊரில் ஏன் இது இல்லை?"

கடைசிக் கேள்விக்கு நடுவில் பதில் சொல்கிறேன். பணம் யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்விதான் நல்ல கேள்வி. நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள், பொருளாதாரம் படித்தவள் இல்லை. ஆனால் எந்தத் திட்டம் வந்தாலும் அரசாணையின் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற பழக்கம் உண்டு. பணம் எந்தக் கணக்கிலிருந்து, எதற்கு, எத்தனை மாதத்துக்கு என்பது அங்கேதான் இருக்கும். அமெரிக்கக் கதையையும் அப்படியே பின்பக்கத்திலிருந்து படித்துப் பார்த்தேன்.

நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்னால் போக வேண்டும். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வில்லியம் டக்ளஸ் என்று ஓர் ஆளுநர், ஷூ ஆலை முதலாளி. 1905இல் அவர் ஒரு குழு அமைத்தார். மறு ஆண்டு அறிக்கை வந்தது. 14, 15 வதுள்ள சுமார் 25,000 பிள்ளைகள் பள்ளியை விட்டுவிட்டு எடுபிடி வேலைகளில் இருந்தார்கள், அல்லது சும்மா இருந்தார்கள். வறுமைதான் காரணம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வீடுவீடாகப் போய் விசாரித்தால், பெற்றோர் பலருக்கு இன்னும் ஓரிரு ஆண்டு படிக்கவைக்க வசதி இருந்திருக்கிறது. "அங்கே உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது?" என்பதுதான் அவர்கள் பதில். இந்தப் பதிலைக் கேட்காத ஆசிரியர் உலகத்தில் உண்டா?

அதே காலத்தில் ஜெர்மனியைப் பார்த்து அமெரிக்க ஆலை முதலாளிகளுக்குப் பயம் வந்திருந்தது. மியூனிக் நகரத்தில் கெர்ஷன்ஷ்டைனர் என்ற கல்வி அதிகாரி, வேலைக்குப் போகும் பையன்களுக்கு அவரவர் தொழிலுக்கேற்ற தொடர்பள்ளிகளை நடத்திக்கொண்டிருந்தார். ஜெர்மன் சரக்கு உலகச் சந்தையில் ஜெயிப்பதற்கு இதுதான் காரணம் என்று பேசிக்கொண்டார்கள். தொழிற்சங்கங்களுக்கு வேறு பயம்: பள்ளியில் தொழில் சொல்லிக்கொடுத்தால் வேலைநிறுத்தத்தை உடைக்க மலிவான ஆள் கிடைத்துவிடுமே! 1910 வாக்கில்தான் அவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

இங்கே ஒரு பெரிய சண்டை நடந்தது, வாத்தியார்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சண்டை. மாசசூசெட்ஸ் கல்வி ஆணையர் டேவிட் ஸ்னெடன், அவரிடம் துணை ஆணையராக இருந்த சார்ல்ஸ் பிராசர் இருவரும், தொழிற்கல்வி என்றால் நேராக வேலைக்குத் தயார்ப்படுத்துவது என்றார்கள். அதற்குத் தனிப் பள்ளி, தனி வாரியம் இருந்தாலும் தப்பில்லை. எதிரில் நின்றவர் ஜான் டூயி, நம் பயிற்சிப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் வருகிற அதே டூயி. 1915இல் ஒரு பத்திரிகையில் ஸ்னெடனுக்கு அவர் பதில் எழுதினார். இருக்கிற ஆலை அமைப்புக்குப் பொருந்துகிற கையாட்களை உருவாக்குவது கல்வியின் வேலை இல்லை, அந்த அமைப்பையே மாற்றிக்கொள்ளும் அறிவு தொழிலாளிக்கு வர வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். இன்று படித்தாலும் டூயி சொன்னதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. ஆனால் சட்டத்தின் வரைவில் பிராசரின் கைதான் ஓங்கியது.

அந்தச் சட்டத்தின் பெயர் ஸ்மித்–ஹியூஸ் சட்டம். அதிபர் உட்ரோ வில்சன் 1917 பிப்ரவரி 23இல் கையெழுத்திட்டார். ஆறு வாரம் கழித்து அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியது. ஹோக் ஸ்மித் செனட்டர், டட்லி ஹியூஸ் கீழவை உறுப்பினர், இருவரும் ஜார்ஜியா மாநிலத்துக்காரர்கள். பின்னால் 1929, 1934, 1936, 1946 என்று வந்த நான்கு தொழிற்கல்விச் சட்டங்களிலும் பெயரின் முதல் பாதி வால்டர் ஜார்ஜ் என்ற செனட்டருடையது. அவரும் ஜார்ஜியாதான்! பருத்தி விளையும் தென்மாநிலத்துக்காரர்கள் இந்தப் பணத்தை எவ்வளவு கவனமாகப் பிடித்து வைத்திருந்தார்கள் என்பது இதிலேயே தெரியும்.

இனி கடைசிப் பக்கத்துக்கு வருவோம்.

பள்ளிப் படிப்பு அமெரிக்காவில் மாநிலங்களின் பொறுப்பு. அதிலும் பெரும்பகுதி உள்ளூர்ப் பள்ளி மாவட்டங்களின் கையில். அவை சொந்தமாகச் சொத்து வரி வசூலிக்கும் அமைப்புகள். வாஷிங்டன் அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பணம் கொடுப்பது அதுவரை வழக்கத்தில் இல்லை. ஸ்மித்–ஹியூஸ்தான் அந்த வாசலைத் திறந்தது. மூன்று தொகைகள். வேளாண்மை ஆசிரியர் சம்பளத்துக்கு முதல் ஆண்டு 5 லட்சம் டாலர், படிப்படியாக ஏறி 30 லட்சம். கைத்தொழில், மனையியல், ஆலைத்தொழில் ஆசிரியர் சம்பளத்துக்கும் அதே அளவு. ஆசிரியர் பயிற்சிக்கு 5 லட்சத்தில் தொடங்கி 10 லட்சம் வரை. வேளாண்மைப் பணத்தை மாநிலங்களின் கிராம மக்கள்தொகையை வைத்தும், தொழில் பணத்தை நகர மக்கள்தொகையை வைத்தும் பங்கிட்டார்கள்.

முக்கியமான இடம் இதுதான்: பணம் சம்பளத்துக்கு. கட்டடம், பட்டறை, மெஷின், நிலம் இதெல்லாம் உள்ளூர்க்காரர்கள் பாடு. அந்தச் சம்பளத்திலும் வாஷிங்டன் ஒரு டாலர் கொடுத்தால் மாநிலமோ உள்ளூரோ ஒரு டாலர் போட வேண்டும். சரிபங்கு. நம் ஊரில் திட்டம் என்றாலே கட்டடம், கல்வெட்டு, திறப்பு விழா. அவர்கள் அதைத் தலைகீழாகச் செய்தார்கள். மாதாமாதம் ஓர் ஆளுக்குச் சம்பளம் உறுதி என்றால், கட்டடத்தை ஊர் எப்படியாவது கட்டிக்கொள்ளும் என்ற கணக்கு. ஓராண்டுக்குள் 48 மாநிலங்களும் ஒத்துக்கொண்டுவிட்டன. ஒவ்வொரு ஆண்டும் நாடாளுமன்றத்தில் போய்க் கையேந்தாதபடி, தொகையையும் சட்டத்துக்குள்ளேயே நிரந்தரமாக எழுதிவைத்தார்கள்.

நிபந்தனைகள் இன்னும் உண்டு. வேளாண்மை படிக்கிறவன் ஆண்டில் குறைந்தது 6 மாதம் பள்ளிப் பண்ணையிலோ சொந்தப் பண்ணையிலோ ஆசிரியரின் மேற்பார்வையில் வேலை செய்து காட்ட வேண்டும். குழுவில் பார்த்த ஆட்டுக்குட்டிக்குத் தாத்தா இந்த விதிதான். தொழிற்பள்ளி என்றால் பாதி நேரம் பட்டறையில், பயன்படுகிற பொருளைச் செய்ய வேண்டும். நடைமுறையில் பாதி நேரம் பட்டறை, கால்வாசி அதற்கான கணக்கும் படம் வரைதலும், மீதிக் கால்வாசிதான் மொழி, வரலாறு எல்லாம். டூயி பயந்தது அந்தக் கால்வாசியை நினைத்துத்தான். தொழிற்பிரிவில் ஒருமுறை நுழைந்த பிள்ளை கல்லூரிப் பக்கம் திரும்புவது கடினமாகிவிட்டது.

இப்போது நம் ஊர்க் கேள்வி. "நம்ம ஊரில் ஏன் இல்லை?" இருந்தது. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் சேர்ந்து வந்தது. பொது இயந்திரவியல், மின்சாதனங்கள், வேளாண்மை, நர்சிங், தையல், அலுவலக வேலை என்று எத்தனையோ. உங்களில் சிலர் அந்த 'வொக்கேஷனல் குரூப்' படித்தவர்கள்தான். ஆனால் அதற்கான ஆசிரியர்களைப் பகுதிநேரமாக, தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். அவர்கள் காலமுறை ஊதியத்துக்கு வந்தது 1990இல். பகுதிநேரமாக உழைத்த ஆண்டுகளில் பாதியையாவது ஓய்வூதியத்துக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எத்தனையோ பேர் உயர்நீதிமன்றப் படி ஏறினார்கள். 1986 தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 10 சதவீதத்தை 1990க்குள்ளும் 25 சதவீதத்தை 1995க்குள்ளும் தொழிற்கல்விக்குக் கொண்டுவருவோம் என்றது. 1988இல் மத்திய அரசு மானியமும் வந்தது. இலக்கு எட்டவில்லை. 1992இல் தேதியைத் தள்ளிப்போட்டார்கள். பிறகு 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கென்று 16,549 பேரை எடுத்தபோதும் பகுதிநேரம்தான், மாதம் 5,000 ரூபாய்.

நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் என் ஆறாம் வகுப்புக்குப் பக்கத்துக் கட்டடம்தான் இயந்திரவியல் பட்டறை. லேத் ஓடுகிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தித்தான் நான் பாடம் நடத்துவேன். அந்த ஆசிரியர் ஓய்வு பெற்றார், அந்த இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை. இரண்டே ஆண்டில் அந்த அறை உடைந்த பெஞ்சு போடுகிற அறை ஆகிவிட்டது. மெஷின் அங்கேயேதான் இருந்தது. அதனால்தான் 1917 சட்டத்தில் 'சம்பளம்' என்ற சொல்லைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தேன்.

அதற்காக அமெரிக்கக்காரன் எல்லாவற்றையும் நேர்மையாகச் செய்துவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். இனிமேல்தான் கசப்பான பகுதி.

சட்டத்துக்குப் பெயர் கொடுத்த ஹோக் ஸ்மித் யார் தெரியுமா? கறுப்பின மக்களின் ஓட்டுரிமையை எடுத்துவிடுவேன் என்று 1906இல் பிரசாரம் செய்து ஜார்ஜியா ஆளுநராக வந்தவர். 1908இல் அதற்காக மாநில அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். தென்மாநிலங்களில் வெள்ளைப் பிள்ளைகளுக்கும் கறுப்புப் பிள்ளைகளுக்கும் சட்டப்படியே தனித்தனிப் பள்ளிகள். 1890இல் வேளாண் கல்லூரிகளுக்குப் பணம் ஒதுக்கிய மாரில் சட்டத்தில், இரண்டு இனத்தாரின் கல்லூரிகளுக்கும் நியாயமாகப் பங்கிட வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. 27 ஆண்டு கழித்து வந்த ஸ்மித்–ஹியூஸ் சட்டத்தில் அந்த வரி இல்லை. பணம் மாநில வாரியத்துக்குப் போகும், வாரியம் பார்த்துப் பிரிக்கும், அவ்வளவுதான். வாரியத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரிபங்கு என்ற நிபந்தனை இங்கே எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். காகிதத்தில் அது நியாயமாகத்தான் தெரிகிறது: நீ பாதி, நான் பாதி. ஆனால் உள்ளூர்ப் பாதியைக் கறுப்பினப் பள்ளிக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்வது வெள்ளையர் மட்டுமே உள்ள உள்ளூர்க் கல்விக் குழு. அது கொடுக்கவில்லை என்றால் வாஷிங்டன் பாதியும் அந்தப் பள்ளிக்கு வராது. யாரும் 'உனக்குக் கிடையாது' என்று சட்டத்தில் எழுதவில்லை, எழுதத் தேவையும் இருக்கவில்லை. அதே காலத்தில் ஜூலியஸ் ரோசன்வால்டு என்ற வணிகர் கொடுத்த நன்கொடையில் தென்மாநிலங்களில் 5,000க்கும் மேற்பட்ட பள்ளிக் கட்டடங்கள் கறுப்பினப் பிள்ளைகளுக்காக எழுந்தன. அந்த நன்கொடைக்கும் ஊர்ப் பங்கு போட வேண்டும். பருத்தி வயலில் கூலி வாங்குகிறவர்கள், ஏற்கெனவே வரியும் கட்டியவர்கள், மறுபடி கையிலிருந்து போட்டார்கள்.

நீலக் கோட்டுக்கு வருகிறேன். எஃப்.எஃப்.ஏ. என்பது வேளாண்மை படிக்கும் பள்ளி மாணவர் சங்கம். 1928இல் கன்சாஸ் சிட்டியில் தொடங்கியது. கோட்டு 1933இல் வந்தது. பிரிவினைப் பள்ளிகளில் படித்த கறுப்பின மாணவர்களுக்கு அதில் இடமில்லை. அவர்கள் வர்ஜீனியாவில் தொடங்கித் தனிச் சங்கம் வைத்துக்கொண்டார்கள், 1935இல் அது டஸ்கீகியில் தேசியச் சங்கமாக ஆனது. அவர்களுக்குக் கறுப்புக் கோட்டு, பொன்னிற முத்திரை. 1965இல் இரண்டையும் இணைத்தார்கள். இணைப்பு என்று பெயர், ஆனால் கறுப்புக் கோட்டும் அவர்கள் கட்டிவைத்த சங்கமும் மறைந்து, நீலக் கோட்டுதான் மிஞ்சியது. பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1969இல். நம் வீட்டுப் பெண் இன்று அதைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள் என்றால், இத்தனை வேலியும் விழுந்த பிறகுதான் அது நடந்தது.

பெண்கள் என்றதும் இன்னொன்று. ஸ்மித்–ஹியூஸ் சட்டத்தில் பெண் பிள்ளைகளுக்கென்று இருந்தது மனையியல். தொழில் பணத்தில் 20 சதவீதத்துக்கு மேல் அதற்குச் செலவழிக்கக் கூடாது என்று வரம்பும் கட்டிவிட்டார்கள். வெல்டிங் பக்கம் பெண் போகலாமா என்று யாரும் கேட்கக்கூட இல்லை. 1976இல்தான், பாடப்பிரிவுகளில் ஆண்–பெண் பாகுபாட்டைக் களைவதற்கென்று ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுக்கு 50,000 டாலர் செலவிட்டு ஓர் அதிகாரியை வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

நடுவில் ஒரு நல்ல மாற்றமும் நடந்தது. 1960 வாக்கில் பண்ணை வேலைகள் வேகமாகக் குறைந்துவிட்டன, ஆனால் பழைய கணக்குப்படி பணம் மட்டும் வேளாண்மைக்கும் மனையியலுக்கும் போய்க்கொண்டே இருந்தது. மானியத்துக்கு ஒரு குணம் உண்டு, ஒரு முறை வாய்க்கால் வெட்டிவிட்டால் பயிர் மாறினாலும் தண்ணீர் பழைய வயலுக்கே போகும். கென்னடி ஒரு குழு அமைத்தார். அவர் இறந்து ஒரு மாதம் கழியும் முன், 1963 டிசம்பரில், ஜான்சன் புதிய தொழிற்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். தொழில் வகைக்குப் பணம் என்பதை மாற்றி, எந்த மாதிரிப் பிள்ளைக்கு என்று பார்த்துப் பணம் கொடுக்கத் தொடங்கியது அப்போதுதான். 1968 திருத்தத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு 15 சதவீதம், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு 10 சதவீதம் என்று தனியாக ஒதுக்கினார்கள்.

அதே 1968 மார்ச்சில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் கிழக்குப் பகுதியில் மெக்சிக வம்சாவளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்பை விட்டு வெளியேறித் தெருவுக்கு வந்தார்கள். சால் காஸ்ட்ரோ என்ற ஆசிரியர் அவர்கள் பக்கம் நின்றார். அவர்கள் சொன்ன குறைகளில் ஒன்று, எங்களைப் பார்த்ததுமே பட்டறைக்கும் தையலுக்கும் தள்ளிவிடுகிறீர்கள், கல்லூரிப் பாடம் எங்களுக்கு ஏன் இல்லை என்பது. தொழிற்கல்விக்கு அரசு பணத்தைக் கொட்டுகிற அதே ஆண்டில், அந்தப் பணம் யாருக்காக என்று சொல்லப்பட்டதோ அந்தப் பிள்ளைகள் அதை வேண்டாம் என்கிறார்கள்! அமெரிக்கர்கள் சிலருக்கு இது புரியவில்லை. நமக்குப் புரியும். 1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று கொண்டுவந்தபோது தமிழ்நாடு ஏன் கொதித்தது? தச்சுவேலையும் மண்பாண்டமும் கேவலம் என்றா? இல்லையே. யார் பிள்ளை அரை நாளில் எங்கே போவான் என்பது பிறப்பிலேயே தீர்மானமாகிவிடும் என்றுதானே. மறு ஆண்டே காமராஜர் வந்து அதைக் கைவிட்டார். அன்றிலிருந்து நம் ஊரில் பள்ளியில் தொழில் என்று யார் வாயெடுத்தாலும் பெரியவர்கள் ஒரு முறை உற்றுப் பார்ப்பார்கள். பார்க்கத்தான் வேண்டும் என்பேன்.

1983இல் அமெரிக்கக் கல்வி சீரழிகிறது என்று ஓர் அரசு அறிக்கை வந்து ஊரெல்லாம் பேச்சானது. மாநிலங்கள் கணக்கையும் அறிவியலையும் கட்டாயமாக்கின, பட்டறைக்கு நேரம் சுருங்கியது. அடுத்த ஆண்டு வந்த தொழிற்கல்விச் சட்டத்துக்குக் கார்ல் பெர்கின்ஸ் என்ற கென்டக்கி உறுப்பினரின் பெயரை வைத்தார்கள். கீழவைக் கல்விக் குழுவுக்கு 17 ஆண்டு தலைவராக இருந்தவர், சட்டம் கையெழுத்தாவதற்கு இரண்டு மாதம் முன்பு இறந்துபோனார். இன்று வரை வாஷிங்டன் பணத்துக்குப் பெயர் பெர்கின்ஸ் மானியம்தான். 2006இல் 'தொழிற்கல்வி' என்ற பழைய பெயரை மாற்றி 'வாழ்க்கைத்தொழில் மற்றும் தொழில்நுட்பக் கல்வி' ஆக்கினார்கள். பழைய பெயர் மேல் ஒட்டியிருந்த கறை போகட்டும் என்றுதான். 2018இல் நான்காவது முறையாகப் புதுப்பித்தார்கள்.

இந்த மானியத்தைப் பள்ளி மாவட்டங்களுக்குப் பிரிக்கும் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. பள்ளிகளுக்கென்று மாநிலம் ஒதுக்கும் தொகையில் 70 சதவீதம் ஏழைப் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கணக்கில், 30 சதவீதம் மொத்தப் பிள்ளைகள் கணக்கில். உன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று பள்ளி மாவட்டத்தைக் கேட்பதில்லை. ஆனால் தொகை சின்னது. நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 130, 140 கோடி டாலர் அளவுதான். பங்கு 15,000 டாலருக்குக் கீழே வந்தால் பொதுவாக அந்தச் சின்ன மாவட்டம் பக்கத்து ஊர்களோடு கூட்டுச் சேர்ந்துதான் வாங்க முடியும். ஆகவே பெரிய பாரம் மாநிலங்கள் மேலேதான்.

கலிஃபோர்னியாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இனி வருவது நேரடியாக உதவும். அங்கே 1967 முதல் வட்டாரத் தொழில் மையங்கள் இருந்தன. ஒரு பள்ளியால் தனியாக வைக்க முடியாத மோட்டார் மெக்கானிக், நர்சிங் வகுப்புகளைப் பல பள்ளிகள் சேர்ந்து நடத்துவது. மாநிலம் அதற்கென்றே தனியாகப் பணம் கொடுத்தது. 2008 நெருக்கடியில் கஜானா காலியானதும், 2009 தொடக்கத்தில் ஒரு விலக்கு கொடுத்தார்கள்: அந்தப் பணத்தை எந்தச் செலவுக்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டார்கள். பல மையங்கள் சுருங்கின, சில மூடப்பட்டன. 2013இல் பள்ளி நிதி முறையையே மாற்றி, தனித்தனி மானியங்களைக் கலைத்து ஒரே பொது நிதி ஆக்கினார்கள். 9 முதல் 12ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு 2.6 சதவீதம் கூடுதலாகச் சேர்த்தார்கள், தொழிற்கல்விக்கு ஆகும் செலவை நினைத்து. ஆனால் அதைத் தொழிற்கல்விக்குத்தான் செலவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாமியார் வீட்டுக்குப் போகிற மகளிடம் 'உனக்கென்று வைத்துக்கொள்' என்று கொடுக்கிற பணம் மாதிரி, அவளுக்கென்று மிஞ்சுவது எத்தனை வீட்டில்?

பட்டறைகள் மூடுவதைப் பார்த்து, 2015இல் மாநிலம் ஓர் ஊக்க மானியம் கொண்டுவந்தது. மூன்று ஆண்டுக்கு 40, 30, 20 கோடி டாலர். மறுபடியும் சரிபங்கு, ஆனால் ஏறிக்கொண்டே போகிற பங்கு. முதல் ஆண்டு மாநிலத்தின் 1 டாலருக்குப் பள்ளி மாவட்டம் 1 டாலர், இரண்டாம் ஆண்டு 1.50, மூன்றாம் ஆண்டு 2 டாலர். மெல்ல மெல்ல மாநிலம் விலகிக்கொண்டு ஊரே தாங்கிக்கொள்ளட்டும் என்ற எண்ணம். மூன்றாண்டு முடிந்ததும் விலக முடியவில்லை. 2018இல் அதை ஆண்டுதோறும் 15 கோடி என்று நிரந்தரமாக்கினார்கள். சமுதாயக் கல்லூரிகள் வழியாகப் பள்ளிகளுக்கு இன்னொரு 15 கோடி. 2021இல் முதல் மானியம் 30 கோடியாக இரட்டித்தது. பள்ளி மாவட்டத்தின் பங்கு மட்டும் 1 டாலருக்கு 2 டாலர் என்றே நின்றுவிட்டது.

1917இல் 1க்கு 1. இன்று 1க்கு 2. பணக்கார மாவட்டத்துக்கு இதில் சிரமமில்லை. ஏற்கெனவே நாலு தொழில் ஆசிரியர்கள் இருப்பார்கள், அவர்களுக்குத் தன் பொது நிதியிலிருந்து கொடுக்கிற சம்பளத்தையே தன் பங்காகக் காட்டிவிடலாம். ஒரு தொழில் ஆசிரியரும் இல்லாத சின்ன ஊருக்கு மானியம் வேண்டும் என்றால், முதலில் கையில் இல்லாத 2 டாலரைக் காட்ட வேண்டும். சின்னப் பள்ளிகளுக்கென்று மானியத்தில் ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கியிருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் சரிபங்கு அவர்களுக்கும் உண்டு. நூறு ஆண்டுக்கு முன்பு இந்த நிபந்தனை தோல் நிறத்தைப் பார்த்து வேலை செய்தது, இப்போது வரி வருமானத்தைப் பார்த்து வேலை செய்கிறது. எழுதினவர்கள் மனதில் கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. பங்கு போட்டால்தான் ஊருக்கு அக்கறை வரும் என்பதில் உண்மை உண்டு. ஆனால் பெர்கின்ஸ் பணத்தைப் போல 70 சதவீதம் வறுமையைப் பார்த்துப் பிரிக்கிற வழி பக்கத்திலேயே இருக்கும்போது, மாநிலம் ஏன் இந்தப் பழைய தராசையே பிடித்துக்கொண்டிருக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

குழந்தைகள் அங்கே படிக்கிற நம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். பள்ளி மாவட்டக் கல்விக் குழுக் கூட்டம் அங்கே எல்லாரும் போய் உட்காரக்கூடிய கூட்டம், பேசவும் நேரம் கொடுப்பார்கள். போனால் மூன்றே கேள்வி கேட்டுப் பாருங்கள். நம் மாவட்டம் இந்த மாநில மானியத்துக்கு விண்ணப்பித்ததா? சரிபங்காக எதைக் காட்டியது? வெல்டிங் ஆசிரியரின் சம்பளம் மானியத்திலிருந்து போகிறதா, பொது நிதியிலிருந்து போகிறதா? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை எனக்கு மறக்காமல் எழுதி அனுப்புங்கள்.

இங்கே இருக்கிறவர்களில் வொக்கேஷனல் குரூப் படித்தவர்கள் எந்த ஆண்டு, எந்தத் தொழில், உங்கள் ஆசிரியர் நிரந்தரமா பகுதிநேரமா என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஊர்வாரியாகக் குறித்துவைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த பதிவை அதை வைத்துத்தான் எழுதப்போகிறேன்.